எங்கள் வீடும் அதன் நான்கு எல்லைகளும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதவை என்று சிறு வகுப்பிலேயே படித்திருக்கின்றோம். முதல் இரண்டைப்பற்றி நாம் நாள்தோறும் நிறையப் பேசுகின்றோம். மூன்றாவதைப்பற்றிப் பேசுவது அரிது. அதற்குள்ளேயே இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை போலும்! இவ்வாண்டு சமூக அறிவியல் பாடத்தில் 'என் வீடும் சுற்றுப்புறமும்' என்ற தலைப்பில் ஒரு செயல்திட்டம் கொடுக்கப்பட்டபோது, அக்காளும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் "இதில் எழுத என்ன இருக்கின்றது? இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு கிணறு" என்றுதான் நினைத்தோம். நினைத்தது தவறு. எங்கள் தந்தையின் அனுமதியோடு அதனை இங்கே எழுதுகின்றோம். அனுமதி ஏன் வேண்டியிருந்தது என்பது கட்டுரையைப் படித்தால் விளங்கும்.

முதலில் ஊரைச் சொல்லவேண்டும். எங்கள் வீடு சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்திற்குக் கிழக்கே, வேளச்சேரிக்குச் செல்லும் சாலையை ஒட்டிய செம்பாக்கத்தில் உள்ளது. 'பாக்கம்' என்பது ஊரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், மேடவாக்கம் என்று எங்களைச் சுற்றிலும் பாக்கங்களே. இவை யாவும் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் உடைய தனித்தனிச் சிற்றூர்கள். சென்னை நகரம் இவற்றை நோக்கி மெல்ல மெல்ல நடந்து வந்தது. நடந்து வந்தது என்பதைவிட இரயிலில் வந்தது என்பதே பொருந்தும். 1928ஆம் ஆண்டில் மருத்துவர் சௌரிமுத்து, நல்ல காற்று வேண்டிக் காசநோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனையைத் தாம்பரத்தருகே நிறுவினார். இன்றும் அந்த இரயில் நிலையத்திற்குத் 'தாம்பரம் சானடோரியம்' என்றே பெயர். 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம்வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. நகரத்தில் வேலை, புறநகரில் வீடு என்னும் வாழ்க்கை முறைக்கு இவ்வாறு வழி பிறந்தது.

எங்கள் தாத்தா இரயில்வேயில் பணியாற்றியவர். வாடகை வீடுகளில் அலைந்து சலித்து, 1974ஆம் ஆண்டில் செம்பாக்கத்தில் ஒரு மனை வாங்கினார். ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி. அப்போது அங்கே தெருவிளக்குக்கூட இல்லையாம். மாலையில் தாம்பரத்திலிருந்து சைக்கிளில் வரும்போது தவளைச் சத்தத்தை வைத்தே வீட்டுத் திருப்பத்தைக் கண்டுகொள்வாராம். இதைப் பாட்டி எத்தனை முறை சொன்னாலும் எங்களுக்குச் சிரிப்பு வரும்.

தவளை ஏன் கத்தியது என்பதுதான் எங்கள் ஆய்வின் தொடக்கம். எங்கள் மனை, வீடு ஆவதற்குமுன் நஞ்சை நிலம். ஏரிப் பாசனத்தைப்பற்றி இங்கே சிறிது விளக்குவோம். ஏரி என்பது தானே உண்டான குளம் அன்று. சரிவான நிலத்தில் பிறை வடிவில் ஒரு கரையை எழுப்பி, மேட்டிலிருந்து வழியும் மழைநீரை நம் முன்னோர் தடுத்து நிறுத்தினர். நீர் உள்ளே வருவது வரத்துக் கால்வாயால். வயலுக்கு விடுவது மதகால். அந்த மதகால் பாசனம் பெறும் நிலம் முழுவதும் ஆயக்கட்டு. ஏரி நிரம்பினால் கரை உடையாமல் மிகுதி நீர் வெளியேறும் கற்கட்டு கலங்கல். கலங்கலில் வழிந்த நீர் வீணாவதில்லை. போக்குக் கால்வாய் வழியே அடுத்த ஊர் ஏரிக்குச் செல்லும். இவ்வாறு செம்பாக்கம் ஏரியின் மிகைநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகின்றது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடலைச் சேர்கின்றது. பள்ளிக்கரணை 2022ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளைக் காண அங்கே சுற்றுலா போகும் தோழியர் பலர். அப்பறவைகள் குடிக்கும் நீர் தங்கள் தெருவழியாகப் போனதை அறிந்தவர் எத்தனை பேர்?

இனி வீட்டுக்குள் வருவோம்.

வீடு கட்டி முடிந்தது 1977இல். மேற்கு நோக்கிய வாசல். முன்னே சிமெண்டுக் கிராதி வைத்த சிறு தாழ்வாரம், கூடம், இரண்டு அறைகள், கிழக்கே சமையலறை, பின்கட்டில் உறைக்கிணறு, துவைக்கும் கல், ஒரு வேம்பு, இரண்டு தென்னை, ஒரு முருங்கை. தரைக்குச் சிவப்புச் சிமெண்டு பூசிப் பளபளவென்று தேய்த்திருப்பார்கள். நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் கோடையில் அத்தரையில் படுத்தால் வரும் குளிர்ச்சிக்கு, எங்கள் சித்தப்பா வீட்டு வழவழப்பான புதுக்கற்கள் ஈடாகா. மாடித்தளத்தில் தட்டோடு பதித்து, நீர் வடிவதற்கு ஒரு பக்கமாகச் சாய்வு கொடுத்திருக்கின்றது. அங்கிருந்து ஒரு குழாய் கிணற்றுக்கு இறங்குகின்றது. இக்குழாய் தாத்தா வைத்தது அன்று. 2003ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டபோது அப்பா வைத்தது.

வாசற்படிகளை எண்ணியபோது எங்களுக்கு முதல் வியப்பு ஏற்பட்டது. பழைய புகைப்படம் ஒன்றில் பாட்டி அப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கின்றார். பின்னால் நான்கு படிகள் தெரிகின்றன. இன்று இருப்பவை இரண்டே. மற்ற இரண்டும் எங்கே? வீடு தாழ்ந்துவிடவில்லை, தெரு உயர்ந்துவிட்டது! பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத்தார் போடுவதால் ஒவ்வொரு முறையும் சில அங்குலம் ஏறுகின்றது. ஒரு படி அரை அடி. ஆகவே நாற்பத்தெட்டு ஆண்டுகளில் எங்கள் தெரு ஓர் அடி வளர்ந்திருக்கின்றது. தங்கை அதைவிட வேகமாக வளர்ந்திருக்கின்றாள் என்பது வேறு கதை.

அடுத்து, பீரோவிலிருந்த கிரையப் பத்திரத்தை அப்பாவிடம் கேட்டு வாங்கிப் படித்தோம். தோழியர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பத்திரத்தை ஒருமுறையேனும் படித்துப் பார்க்கவேண்டும். முத்திரைத்தாளின் மொழி முதலில் மிரட்டும். பழகினால் அதைப்போல் தெளிவான மொழி வேறில்லை. கடைசிப் பக்கத்தில் 'சொத்து விவரம்' என்று ஒரு பகுதி இருக்கும். அதுதான் உயிர். கிராமம், புல எண், மனை எண், அளவு ஆகியவற்றை எழுதியபின் நான்கு எல்லைகளைச் சொல்லியிருப்பார்கள். எல்லையைச் சொல்லும் முறை சற்று வேடிக்கையானது. "கிழக்கே வாய்க்கால் இருக்கின்றது" என்று எழுதமாட்டார்கள். "வாய்க்காலுக்கு மேற்கு" என்றுதான் எழுதுவார்கள். வீடு தன்னைப்பற்றிப் பேசாமல், அக்கம்பக்கத்தாரை வைத்தே தான் இருக்குமிடத்தைச் சொல்கின்றது. எங்கள் பத்திரத்தில் கண்டது இது: முப்பதடி ரோட்டுக்குக் கிழக்கு, சர்க்கார் வாய்க்காலுக்கு மேற்கு, பதினேழாம் எண் மனைக்குத் தெற்கு, பத்தொன்பதாம் எண் மனைக்கு வடக்கு, இதன் மத்தியில் கிழமேல் 60 அடி, தென்வடல் 40 அடி.

சர்க்கார் வாய்க்கால்! எங்கள் பின்மதிலுக்கு அப்பால் இருப்பதை நாங்கள் பிறந்தது முதல் 'சாக்கடை' என்றே அறிவோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பை கொட்டும் இடம். கலங்கலிலிருந்து வந்த போக்குக் கால்வாயின் ஒரு கிளை அது என்று பத்திரம் சொல்லித்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அளவு நாடாவுடன் இறங்கினோம். முன்பக்கத்து எல்லைக்கல் இன்றும் வாசலருகே பாதி புதைந்து நிற்கின்றது. அதிலிருந்து தொடங்கினோம். தென்வடல் சரியாக 40 அடி. எங்களுக்குப் பெருமையாக இருந்தது. கிழமேல் அளந்தோம். 64 அடி. நாடா சுருண்டிருக்கும் என்று மீண்டும் அளந்தோம். 64 அடி. அப்பாவை அழைத்து அவர் கையாலேயே அளக்கச் சொன்னோம். அவர் அளந்துவிட்டு, நாடாவைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

நான்கு அடி அகலம், நாற்பது அடி நீளம், நூற்றறுபது சதுர அடி. முருங்கை மரமும் துவைக்கும் கல்லும் அந்த நூற்றறுபது சதுர அடியில்தான் இருக்கின்றன.

புல எண்ணைக்கொண்டு அப்பகுதியின் புலப்பட நகலையும் பெற்றோம். வயல், வாய்க்கால், பாதை ஆகியவற்றை அளவோடு வரைந்த நில அளவைப் படம் அது. அதில் வாய்க்காலுக்கென்று தனி எண்ணும் தனி அகலமும் உண்டு; எங்கள் வீட்டுக்குப் பின்னால் அது ஏறத்தாழ 21 அடி. இப்போது மதிலுக்கும் மதிலுக்கும் இடையே இருப்பது 9 அடி. பன்னிரண்டு அடி காணவில்லை. அதில் நான்கு எங்களிடம் இருக்கின்றது. எதிர்ப்பக்கத்தார் எவ்வளவு வைத்திருக்கின்றார்கள் என்று அவர்கள் வீட்டுக்குள் புகுந்து அளக்க எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் கழித்தல் கணக்கு எங்களுக்குத் தெரியும்.

இது வெறும் கணக்காக இருந்தால் இத்துடன் நிறுத்தியிருப்போம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளை எங்கள் பகுதியில் யாரும் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அம்மழையை எங்கள் மனைக்கு மட்டும் கணக்கிட்டுப் பார்த்தோம். 2400 சதுர அடி என்பது 223 சதுர மீட்டர். அதன்மேல் 49 செ.மீ. உயரத்திற்கு நீர் என்றால் ஒரு இலட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஒன்பதை ஒரே நாளில் எங்கள் வீட்டின்மேல் கவிழ்த்ததற்குச் சமம். (நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், கிணற்றின் அடித்தரை தெரிய, அதே அளவு லாரி ஒன்றுக்காக நாங்கள் நான்கு நாள் காத்திருந்ததையும் இங்கே குறிப்பிடவேண்டும். அம்மா அன்று சமையலறைப் பாத்திரங்களையெல்லாம் வரிசையாக வைத்து நிரப்பினார்.)

வெள்ளத்தின்போது எங்களில் மூத்தவளுக்கே வயது ஆறுதான். நினைவில் இருப்பவை சிலவே. தெருவில் நீர் பழுப்பாக ஏறி, வாசற்படியை நனைத்து, வீட்டுக்குள் வராமல் நின்றது. தெருவின் தாழ்ந்த கோடியிலிருந்த ஐந்து வீடுகளில் சன்னல் மட்டத்திற்கு நீர் புகுந்தது. அவ்வீடுகளைச் சேர்ந்தவர்கள் மூன்று இரவுகள் எங்கள் மாடியிலும் கூடத்திலும் தங்கினார்கள். மின்சாரம் இல்லை. பாட்டி பின்கட்டில் விறகு மூட்டிப் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சினார். கோடி வீட்டு அத்தை தம் மகளின் பாடப்புத்தகங்களை ஒவ்வொன்றாக எங்கள் மாடியில் காயவைத்தது இன்றும் கண்முன் நிற்கின்றது. எங்கள் மழை நின்ற பிறகும் அந்த ஐந்து வீடுகளில் நீர் ஐந்து நாள் வடியவில்லை. "அண்டையார்க்கு உதவினோம்" என்று அதன்பிறகு பலமுறை பெருமையாகப் பேசியிருக்கின்றோம்.

இப்போது நாடாவை வைத்துக்கொண்டு யோசிக்கும்போது அந்தப் பெருமை உறுத்துகின்றது. நியாயமாகப் பேசவேண்டும்: எங்கள் நான்கடிதான் வெள்ளத்தைக் கொண்டுவந்தது என்று சொல்வதற்கில்லை. 49 செ.மீ. மழைக்கு முழு அகலமுள்ள வாய்க்காலும் நிரம்பித்தான் வழிந்திருக்கும். ஏரிகள் தூர்ந்ததும், வயல்கள் கூரைகளாகிப்போனதும், தெரு உயர்ந்து தாழ்ந்த வீடுகள் பள்ளமானதும் காரணங்களே. ஆனால் மழை நின்றபின் நீர் வடிவதற்கு இருந்த வழி 21 அடியாக இருந்திருந்தால், ஐந்து நாள் என்பது இரண்டு நாளாகவோ மூன்று நாளாகவோ குறைந்திருக்கலாம் அல்லவா? எத்தனை நாள் என்று எங்களால் கணக்கிட முடியவில்லை. அதற்கு ஆழமும் சரிவும் தெரியவேண்டும் என்று கணித ஆசிரியை கூறினார்.

வேறொன்றையும் கண்டோம். எங்கள் வரிசையில் யாரும் திருட்டுத்தனமாக இடம் பிடித்ததாகத் தெரியவில்லை. முதலில் இருந்தவை கிளுவை வேலிகள். கிளுவை உயிருள்ள மரம், பக்கவாட்டில் பருக்கும். வெட்டி மறுபடி நடும்போது வெளிப்பக்கமாக ஒரு சாண் தள்ளும். வாய்க்காலில் பாசன நீர் நின்றுபோன பிறகு அந்தப் பக்கம் கேட்பாரும் இல்லை. வேலி இருந்த இடத்தில் பின்னாளில் மதில் வந்தது. எங்கள் மதில் 1989இல் கட்டப்பட்டது. இதற்கிடையில் சிற்றூராக இருந்த செம்பாக்கம் நகராட்சியாகி, 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஊரின் பெயர்ப்பலகை மூன்று முறை மாறியும் வாய்க்காலின் அகலத்தை ஒருமுறையும் எவரும் அளந்ததாகப் பாட்டிக்கு நினைவில்லை.

பாட்டியிடம் இதைச் சொல்வதற்கு நாங்கள் மிகவும் தயங்கினோம். தாத்தா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் பயணச்சீட்டு இல்லாமல் ஒரு நிலையம்கூடப் போகாதவர் என்று ஊரே சொல்லும். கடைசியில் அப்பாதான் இரவு உணவின்போது மெதுவாகச் சொன்னார்: "அம்மா, பின்பக்கம் நாலடி நம்மது இல்லையாம். கொத்தனாரை வரச்சொல்லி மதிலை உள்ளே தள்ளிக் கட்ட என்ன ஆகும்னு கேக்கப்போறேன்."

பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க அப்பா அடுத்தவங்க மண்ணு ஒரு பிடி எடுத்தவரில்லை. பிள்ளைங்க டேப்பை வெச்சு விளையாடுனா நீயும் கூடச் சேர்ந்துக்குவியா?" என்றார். அன்று அவர் மோர்ச்சோறு சாப்பிடவில்லை.

மறுநாள் மாலையில் நாங்கள் பின்கட்டில் அமர்ந்து படம் வரைந்துகொண்டிருந்தோம். பாட்டி வந்து துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்தார். கருங்கல், நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். துவைக்கும் எந்திரம் வந்தபின்னும் பாட்டி தம் புடவையை அதில்தான் துவைப்பார். அது எப்போது வந்தது என்று கேட்டோம்.

"வரலை. நாங்க வந்தப்பவே இங்கதான் கிடந்தது" என்றார். "வாய்க்கால் ஓரம். வயல்ல வேலை செஞ்சவங்க எல்லாம் இதுல துவைப்பாங்க. தண்ணி கண்ணாடி மாதிரி போகும். நானும் வேலியைத் தாண்டிப் போய் இதுலதான் துவைச்சேன். மதில் கட்டும்போது, கல்லு வெளியே போயிடுமே, நான் எங்க துவைப்பேன்னு அழுதேன். கல்லை உள்ள கொண்டாந்து போடறேன்னாரு. வேணாம், கல்லை எடம் மாத்தக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அதனால..."

அதற்குமேல் அவர் பேசவில்லை. சிறிது நேரம் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "எவ்வளவு வருது, அளந்து பாருங்க" என்றார்.

வாசல் எல்லைக்கல்லிலிருந்து நாடாவைப் பிடித்தோம். தங்கை முன்கோடியில், அக்காள் பின்கோடியில். பாட்டி எழுந்து நின்று பார்த்தார். கல்லின் விளிம்புவரை 62 அடி.